மூன்று வரி விளம்பரம்

எழுபதுகளின் தொடக்கத்தில் கடல் கடந்து வந்து, பிரெஞ்சு பேசுகிற வில்லரே பகுதியில் குடியிருந்தோம். கணவர் இன்ஜினியர், அவருக்கு வேலை இருந்தது. எனக்குக் கணிதத்தில் எம்.எஸ்சி. பட்டம் இருந்தது, அவ்வளவுதான். இங்குள்ள பள்ளிகளில் அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சென்னையில் கல்லூரிப் பெண்களுக்குப் பாடம் நடத்தியவள், இங்கே ஜன்னலோரம் நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைத்தியம் பிடிக்காத குறைதான்.

வீட்டிலேயே டியூஷன் எடுக்கலாம் என்று ஆங்கிலப் பத்திரிகையில் சின்னதாக ஒரு விளம்பரம் கொடுத்தேன். வாசகம் என்னுடையதே. எம்.எஸ்சி., முதல் வகுப்பு, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ரேங்க், கல்லூரி அனுபவம், நல்ல குடும்பம். ஊரில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் ‘மணமகன் தேவை’ மாதிரியே இருந்திருக்கிறது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. ஒரு வாரம் தொலைபேசிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு ஈ காக்காகூடக் கூப்பிடவில்லை. இன்னும் ஒரு வாரம் பார், அப்புறம் இந்த ஆசையை விட்டுவிடு என்றார் கணவர். கனிவாகத்தான் சொன்னார். அதனாலேயே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பத்திரிகைக்கு மறுபடி போன் செய்தேன். அங்கே விளம்பரங்களைக் கேட்டு டைப் அடித்துக்கொள்ளும் பெண்மணி ஒருத்தி எடுத்தாள். பழையதையே போடுங்கள் என்றேன். அவள் அதை ஒருமுறை படித்துவிட்டு, இதில் உங்களைப் பற்றி எல்லாம் இருக்கிறது, படிக்கிறவர்களைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ராப்பகலாகப் படித்து வாங்கிய ரேங்க்கைப் பற்றிப் பேச இவள் யார்? வெடுக்கென்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், கணக்கு வராத பிள்ளை எதிரே வந்து உட்கார்ந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எந்த இடத்தில் பயம் வந்தது என்று கேட்பேன் என்றேன். யோசிக்காமல் வந்த பதில். மறுமுனையில் டைப்ரைட்டர் படபடத்தது. பிறகு அவள் வாசித்துக் காட்டினாள்:

“கணக்கென்றால் பயமா? அந்தப் பயம் எங்கே தொடங்கியதோ, அங்கிருந்து தொடங்குவோம். பொறுமையான டீச்சர், அமைதியான வீடு.”

என் பட்டம் எங்கே என்றேன். கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றாள்.

விளம்பரம் என்றாலே புளுகு என்று நினைத்திருந்தவள் நான். அவள் ஒரு பொய்கூட எழுதவில்லை. ‘பொறுமையான’ என்பது மட்டும் கொஞ்சம் அதிகம், அதைப் படித்துவிட்டுக் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். மற்றதெல்லாம் நான் சொன்னதுதான். ஆனால் எனக்கு என்னை மட்டுமே தெரிந்திருந்தது. அவளுக்கோ, காலையில் காபியும் கவலையுமாகப் பேப்பரைப் புரட்டுகிற யாரோ ஒருவரைத் தெரிந்திருந்தது. கெட்டிக்காரி! பிற்பாடு மெட்ரோவில் ஆளுயர விளம்பரங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். அந்த மூன்று வரிக்கு முன்னால் ஒன்றும் நிற்காது.

நான்கு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் மாலை தொலைபேசி அடித்தது. ஆண் குரல். பக்கத்திலிருந்த ஜான்-டலோன் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவராம். விளம்பரத்தை வெட்டிச் சட்டைப்பையில் வைத்திருப்பதாகத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னார். பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டேன்.

“பிள்ளைக்கு இல்லைங்க, எனக்கு. மக கணக்கு நோட்டோட வந்து நின்னா, வேலை இருக்குன்னு சொல்லி எழுந்து போயிடறேன். நாற்பத்திரண்டு வயசாகுது. சேர்த்துக்குவீங்களா?”

நான் என்ன படித்திருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வாருங்கள் என்றேன். ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இந்த ஊரில் எனக்கு ஒரு மாணவர் கிடைத்துவிட்டார்.