மென்பவளத்தைக் கரைத்தவர்கள்

கண்ணாடித் தகட்டில் மிளகளவு சதைத் துண்டு. அதன்மேல் மேடம் ஒரு சொட்டு பிளீச்சிங் திரவம் விடுவார். சதை நுரைத்துக் கரைந்து, அடியில் வெள்ளைப் பொடி தங்கும். "இப்ப பாருங்க" என்று நுண்ணோக்கியை என் பக்கம் நகர்த்துவார். பார்த்தால் அது பொடியே இல்லை. முள் முளைத்த கதிர்கள், முண்டு முண்டான தண்டுகள், எல்லாம் சுண்ணாம்பு. மென்பவளம் என்ற கடல் உயிரிக்கு மற்றப் பவளங்களைப்போலக் கல்போன்ற கூடு கிடையாது. சதைக்குள் விரவிக் கிடக்கும் இந்தத் துகள்கள்தான் அதன் எலும்பு. குப்பிக்குள் எல்லாமே வதங்கிய சுக்குத் துண்டு மாதிரிதான் தெரியும். எது எந்த இனம் என்று பிரிக்க இந்தத் துகள்களின் வடிவத்தைத்தான் நம்ப வேண்டும்.

ஓசூருக்கும் மத்திகிரிக்கும் நடுவிலிருக்கும் ஒரு தனியார் பெண்கள் கல்லூரியில் அவர் விலங்கியல் ஆசிரியர், நான் வேதியியல். கல்லூரியின் பெயரை எழுத எனக்குக் கை கூசுகிறது. கணவரின் ஃபேக்டரி வேலைக்காக இந்த ஊருக்கு வந்த தூத்துக்குடிக்காரர் அவர். கோடை விடுமுறை வந்தால் அனுமதிக்கு அலைந்து, மன்னார் வளைகுடாவில் மூழ்கி, விரல்நுனியளவு துண்டுகளை எடுத்து எரிசாராயத்தில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். அதில் ஒன்று இதுவரை யாரும் விவரிக்காத இனம் என்பது அவர் முடிவு. ஆனால் புது இனத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமானால், பிறரும் சோதித்துப் பார்க்கும்படி அந்த மாதிரி பத்திரமாக இருக்க வேண்டும். அவருடைய பத்து வருட உழைப்பு அந்த ஒரு குப்பியில் இருந்தது.

அம்மாவின் ஆபரேஷனுக்காக அவர் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தரச்சான்றுக் குழு வரப்போவதாகத் தகவல். ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்த தாளாளர் மூக்கைச் சுளித்தார். "பொம்பளப் புள்ளைங்க படிக்கற எடத்துல சாராயமா? எல்லாத்தையும் கொட்டுங்க." ஊழியர் குப்பிகளிலிருந்த சாராயத்தைக் கொட்டிவிட்டு, ஸ்டோரில் இருந்த ஃபார்மலினை ஊற்றி வைத்துவிட்டார். பக்கத்துக் கட்டடத்தில்தான் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: சும்மா வைத்த ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகும், சுண்ணாம்பைத் தின்றுவிடும். எங்கள் மாணவிகளின் அப்பாக்கள் வேலை பார்க்கும் கம்பெனிகளில் ஒரு போல்ட் மயிரிழை மாறினால் லைனையே நிறுத்துவார்கள். அதே ஊரில் ஒருத்தியின் ஆராய்ச்சியைக் கேட்காமல் கொள்ளாமல் கழுவி ஊற்றினார்கள்.

திரும்பி வந்த மேடம் வழக்கம்போல ஒரு துண்டை வெட்டிச் சொட்டு விட்டார். சதை கரைந்தது. அடியில் ஒன்றுமே இல்லை. அடுத்த குப்பியைத் திறந்தார், அதற்கடுத்ததையும் திறந்தார். கடைசியில் நுண்ணோக்கிக்கு உறை போட்டுவிட்டு, கை கழுவப் போனார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. அவரையும் இழுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனேன். தாளாளர் சிரித்தார். "எதுக்கு மேடம் டென்ஷன் ஆவறீங்க? கடல் எங்கியும் ஓடிப்போவாது. லீவுல போயி இன்னொருக்கா எடுத்தாந்துடுங்க."

மேடம் போகத்தான் செய்தார். அதற்குள் கடல் சூடேறி, அவர் துண்டு எடுத்த பவளத்திட்டு வெளுத்துச் செத்து, மேலே பாசி படர்ந்திருந்தது. தேடிய மென்பவளம் அங்கே இல்லை. வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார். அதற்காக எங்கள் கல்லூரியில் ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

போன மாதம் கல்லூரி வாசலில் புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. உள்ளே, விளக்கு வெளிச்சத்தில், மேடத்தின் அந்தக் குப்பி. கீழே பித்தளைத் தகட்டில் 'எங்கள் கல்லூரி கண்டறிந்த புதிய மென்பவளம்' என்று பொறித்து, அதற்குத் தாளாளரின் தகப்பனார் பெயரையும் சூட்டியிருந்தார்கள். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா இவர்களுக்கு? அங்கேயே நின்று மேடத்துக்கு போன் செய்து கத்தித் தீர்த்தேன்.

நான் ஓய்ந்த பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பேரு கெடக்கட்டும் மேடம். எடுத்த எடம் போட்டுருக்காவளா?"

தகட்டைக் குனிந்து பார்த்தேன். போட்டிருந்தார்கள். ஓசூர் என்று.