அழுகண்ணி பிடித்த விரதம்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது எட்டு. அத்தனை பேருக்கும் ஊட்டிவிட்ட இந்தக் கையைத்தான் நேற்று வெம்பிளி வீட்டுக் குசினியில் பேத்தி தட்டிவிட்டாள். யன்னலோரம் ஈ பிடிக்கிற செடி ஒன்று வளர்க்கிறாள். வாயைத் திறந்தபடி நிற்கிறதே என்று ஒரு கரண்டி பால் விடப் போனேன்.

"ஐயோ அம்மம்மா! பால் குடுத்தால் அழுகிச் செத்துப்போகும். மழைத்தண்ணி மட்டும்தான்!"

எனக்குப் படிப்பிக்கிறாள்! இவளுடைய அம்மா பிறக்கமுதலே இந்தச் சாதிச் செடியை வளர்த்தவள் நான்.

எட்டு வயதில் சின்ன மாமா குளக்கரை ஈரமணலோடு ஒரு அழுகண்ணியைத் தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்து தந்தார். காசளவு சிவப்புச் செடி. இலை முழுக்கக் கண்ணீர்த்துளி மாதிரிப் பசை. நுளம்பு, பூச்சி ஒட்டினால் மெல்ல மடித்துத் தின்னும். அடுத்த கிழமை கந்தசஷ்டி. எங்களோடு இருந்த அப்பாவின் தமக்கை, என் மாமி, பின்னேரம் ஒரு பேணி பாலோடு ஆறு நாளையும் ஓட்டுவா. செடியைக் கண்டதும் கத்தினா.

"விரத வீட்டிலை உயிர்க்கொலையோ? இதுவும் விரதம் பிடிக்கட்டும்!"

சிரட்டைக்கு மேல் துணியைக் கட்டிவிட்டா.

"அப்ப மச்சாள், விரதம் முடிக்கிற பாறணைக்கு இதுக்கும் ஒரு இலை போடுங்கோ" என்று சின்ன மாமா நக்கலடித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு நாள் பட்டினி கிடந்தால் செத்துப்போகாதா? மாமி கோயிலுக்குப் போன நேரம் துணியின் ஓரத்தைத் தூக்கி, அவவின் பாலிலேயே கொஞ்சம் எடுத்து விட்டேன். மறுநாள் சர்க்கரையும் கரைத்து விட்டேன். இப்படி ஒரு நாளும் தவறவிடவில்லை. சஷ்டி முடியத் துணியை எடுத்தால், செடி கறுத்து அழுகிக் கிடந்தது.

"பட்டினி போட்டுச் சாகடிச்சுப்போட்டியள்!" என்று மாமியின் முகத்துக்கு நேரே சொன்னேன். அதோடு அவவோடு கதைக்கிறதையும் விட்டேன். ஊரையே வாயால் அடக்கிற மாமி அந்த மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமையும் சாப்பிடாமல் இருக்கத் தொடங்கினா. என்ன புது விரதம் என்று அம்மா கேட்டதற்கு, "ஒரு உயிரைச் சாகடிச்சுப்போட்டன்" என்றா. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நல்லாய் வேணும் என்று நினைத்தேன்.

சாகும்வரை மாமி அந்தச் செவ்வாயை விடவில்லை. அது நான் இருந்திருக்கவேண்டிய விரதம் என்று நேற்றுவரை எனக்குத் தெரியாது.

பேத்திப் பிள்ளை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போறாய்தானே? இதை ஒருக்கா வாசி. எழுத்துப் பிழையை விடு. மாமி அம்மாவுக்குச் சொன்னதை மட்டும் சத்தமாய் வாசி.