இரண்டு சாவிகளும் ஒரே வளையத்தில்

சேலத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் இருந்தன. நாங்கள் நான்கு பேர், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், வாடகை வேன் ஒன்றில் சனிக்கிழமை விடியற்காலை தாம்பரத்திலிருந்து கிளம்பினோம்.

என் வீடு முதல் மாடியில். வாசலில் இரும்புக் கிரில் கதவு. பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து, காலையில் நடக்கப் போகும்போது, தூங்கும் மனைவியை எழுப்பாமல் கிரில்லை வெளியே பூட்டிவிட்டுப் போவது என் வழக்கம். அன்றும் கை தானாகப் பூட்டிவிட்டது. பூட்டோடு வந்த இரண்டு சாவிகளையும் தொலையாமல் இருக்கட்டும் என்று ஒரே வளையத்தில் மாட்டி வைத்திருந்தவன் நான்.

பெருங்களத்தூரில் ஒரு நண்பருக்கு பிரஷர் மாத்திரை ஞாபகம் வந்தது. வண்டியைத் திருப்பிப் போய் எடுத்து வந்தோம். வண்டலூர் வரை அவரை விடவில்லை.

“அடுத்து என்ன மச்சான், பல்செட்டா?”

“பேசாம வூட்டையே தூக்கி மேல கட்டிக்கினு வந்துடு சார்” என்றார் டிரைவர்.

நானும்தான் சிரித்தேன். ஊரப்பாக்கம் தாண்டும்போது, பின் இருக்கையில் இருவருக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்திருந்த என் தொடையில் ஏதோ குத்தியது. சாவி வளையம்.

திரும்பியிருந்தால் அரை மணி நேரம். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. அடுத்த கேலி எனக்குத்தான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மனைவி பம்மலில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். முப்பது வருடங்களுக்கு முன் அவளிடம் படித்தவர்கள் அன்று மாலை ஒரு மண்டபத்தில் கூடி அவளுக்கு மரியாதை செய்வதாக ஏற்பாடு. இஸ்திரி போட்ட புடவை நாற்காலியில் தயாராக இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

திண்டிவனம் அருகே போன் வந்தது.

“சாவிய எடுத்துட்டுப் போயிட்டீங்களா?”

“ம்.”

“கீழ் வீட்டு சார்கிட்ட சொல்லி பூட்ட அறுத்துடவா? நாலு மணிக்கு கார் அனுப்புறாங்க.”

வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னேன். “வேணாம். பொண்டாட்டிய உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போனான்னு காலனியே சிரிக்கும். திங்கக்கிழமை காலைல வந்துடுவேன்ல? உடம்பு சரியில்லன்னு சொல்லிடு.”

“சரி” என்றாள்.

மைதானத்தில் வரிசையின் நடுவில் இடம் கிடைத்தது. எழுந்து போக வேண்டுமென்றால் பத்துப் பேர் முழங்காலை மடக்க வேண்டும். நாலு மணிக்குக் கடிகாரம் பார்த்தேன். அடுத்த பந்தே சிக்ஸர். எல்லோரோடும் எழுந்து நின்று கத்தினேன். நடிப்பில்லை, அந்த நிமிடம் அவளை மறந்தே போயிருந்தேன். உட்கார்ந்ததும் சாவி மறுபடி குத்தியது.

திங்கள் காலை கிரில்லைத் திறந்தேன். காபி கொடுத்தாள். நடந்ததைக் கீழ் வீட்டுக்காரர்தான் சொன்னார். உடம்பு சரியில்லை என்று அவள் சொல்லவில்லையாம். கூட்டிப்போக வந்தவர்களிடம், “சாவிய எங்கயோ வெச்சுத் தொலைச்சுட்டேன்டா, என் தப்பு” என்றிருக்கிறாள். பூட்டை உடைக்கிறோம் என்று எவ்வளவோ சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டாள். அவர்கள் மண்டபத்துக்குப் போன் செய்ய, எல்லோரும் இங்கேயே வந்து மாடிப்படி முழுக்க நின்றிருக்கிறார்கள். சால்வையைக் கம்பிகளுக்கு நடுவே நுழைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்போது அவர்கள் எடுத்த படம் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வெளியே நரைத்த தலைகளோடு அவளுடைய பிள்ளைகள். கம்பிகளுக்குப் பின்னால் இஸ்திரி கலையாத புடவையில் அவள். வருகிறவர்கள் கேட்பார்கள்: “ஏன் மேடம் உள்ள நிக்கிறீங்க?”

“சாவி தொலஞ்சு போச்சு” என்று சிரிப்பாள். என் பக்கம் திரும்ப மாட்டாள். அந்தப் படத்துக்குக் கீழே சோபாவில் நான் உட்கார்ந்திருப்பேன். இன்றுவரை ஒருவரிடமும் மறுத்துப் பேசியதில்லை.

சாவி தொலையவில்லை. இரண்டும் என் பேண்ட் பையில்தான் இருந்தன.