வெற்றிலை மறைவில் சொல்லாத பெயர்

குப்பம்மாளுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். அவள் அப்பா கலியன் என் கூடப்பிறந்த தம்பி. அவன் மனைவி பூங்கோதைக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவதாக இவள் பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுத்தோம். குப்பை என்றால் எமன்கூடத் தொடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. அத்தைக்காரி முறைக்கு நான் காதில் மூன்று தரம் சொன்னேன். பிழைத்துக்கொண்டாள்.

கலியனுக்கு டெல்லியில் பியூன் வேலை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அந்தப் பெயர் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. குப்பைக்கு இந்தியில் கூடா. எவளோ அர்த்தம் சொல்லிக் கொடுத்துவிட, பிள்ளைகள் "ஏ கூடாவாலி!" என்று பின்னாலேயே வருமாம். பதினாறு வயதில் தானே உஷாராணி என்று மாற்றிக்கொண்டாள். தையல் மிஷின் போட்டு, வாசலில் "உஷாராணி டெய்லர்" என்று பலகை மாட்டினாள். பூங்கோதை போனபின் தம்பி கௌதமனை வளர்த்தாள். தனக்குக் கல்யாணம் பேச விடவில்லை. என் புருஷன் காலமானதிலிருந்து நானும் அவளோடுதான். ஒருநாள் ஜாக்கெட் தைக்க வந்த, கௌதமனின் பக்கத்து வீட்டு மாதுரி முன்னால் வாய்தவறி "குப்பு" என்றுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கௌதமன் மனைவி வைஷ்ணவிக்கும் பூங்கோதையின் விதிதான். இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவது பெண். அவர்களுடைய கிட்வாய் நகர் வீட்டில் முப்பதாம் நாள் தொட்டில் போட ஏற்பாடு. முதல் நாள் நான் சும்மா இருக்கவில்லை.

"உன் நாத்தனா பேரை வையேன் வைஷ்ணவி. கூப்பிட வேணாம், காதுல மட்டும்."

"அய்யோ அத்தை! அண்ணியே வேணாம்னு தூக்கிப் போட்ட பேரு. என் பொண்ணுக்கு எதுக்கு? அனாயாதான், ஃபைனல்."

பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த குப்பம்மாள் தலை நிமிரவில்லை.

மறுநாள் அத்தைக்காரி அவள். காப்புப் போட்டாள். வெற்றிலையை மறைப்பாகப் பிடித்துக் குழந்தையின் காதருகே குனிந்தாள். மூன்று தரம் உதடு அசைந்தது.

மூன்றாம் மாதம் காய்ச்சல். நாலு நாள் ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள் கௌதமன் துணியில் சுற்றி வாங்கிவந்தான்.

புதைத்த மூன்றாம் நாள் வைஷ்ணவி வந்தாள். பால் வற்றவில்லை, ஜாக்கெட்டு இறுக்குகிறது, பிரித்துத் தைக்க வேண்டும். குப்பம்மாள் ஓரத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

"அண்ணி, அன்னைக்கு ஏதோ வீம்புல வேணாம்னுட்டேன். ஆனா வெத்தலைக்குள்ள நீங்க அந்தப் பேரையும் சொல்லிடுவீங்கன்னு நம்பிட்டுதான் நின்னேன். சொன்னீங்கல்ல?"

கை நின்றது.

"சொன்னேன்டி. மூணு தரமும் அதான் சொன்னேன்."

"அப்ப நாம எதையும் விட்டுடலை," என்று வைஷ்ணவி அவள் மடியில் விழுந்தாள். "குப்பம்மா, என் குப்பம்மா" என்று பிள்ளையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள்.

அவள் போனபின் கேட்டேன்: "நெசமா சொன்னியா குப்பு?"

"வாய் வரைக்கும் வந்துச்சு அத்தை. பக்கத்துல மாதுரி நின்னா. அவ காதுல விழுந்துட்டா..."

மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

வைஷ்ணவி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இப்போதும் ஞாயிறு தவறாமல் போன் செய்கிறாள்.

"நம்ம குப்பம்மா இருந்தா இந்நேரம் தவழ்ந்திருப்பா, இல்ல அண்ணி?"

"ஆமாண்டி" என்கிறாள் இவள்.