எந்தப் பல்லுங்க?

என் மனைவியை நான் முதன்முதலில் பார்த்தது வீங்கிய கன்னத்தோடு. வீக்கம் என்னுடையது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவளிடம், "இன்னும் அஞ்சு நிமிஷத்துல கூப்பிடலைன்னா கிளம்பிப் போயிடுவேன்" என்று மிரட்டினேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தாராளமா போங்க. மறக்காம அந்தப் பல்லையும் கூட்டிட்டுப் போங்க."

பிறகுதான் என் முகத்தைப் பார்த்து, "எந்தப் பல்லுங்க?" என்று கேட்டாள். அந்தக் குரலில் அப்படியே அடங்கிப்போனேன். இன்றுவரை அடங்கித்தான் இருக்கிறேன், அது வேறு கதை.

கல்யாணமாகி, மகள் பிறந்து வளர்ந்து, எனக்கு அந்தப் பல்லே போய்விட்டது. அவளும் அந்த மேசையும் மட்டும் அங்கேயே இருக்கிறார்கள். பல்வலி வந்தவன் வாய் சும்மா இருக்காது. "பேப்பர்ல எழுதி நாறடிச்சிடுவேன்", "ஆஸ்பத்திரியை இழுத்து மூடிடுவேன்" என்று நாள் தவறாமல் யாராவது குதிப்பார்கள். எல்லோருக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "எந்தப் பல்லுங்க?"

ஒருமுறை ஆறடி உயர லாரி டிரைவர் ஒருவர் மேசையை ஓங்கிக் குத்தினாராம். கேள்வியைக் கேட்டதும் வாய்க்குள் விரலை விட்டுக் காட்டி, "ஊசி போடுவாங்களாக்கா?" என்றாராம். அதை அவள் நடித்துக் காட்ட, மகளுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"கத்துறவங்க எல்லாரும் பயந்தவங்கதான். எதைச் சொல்லி மிரட்டுறாங்கன்னு பாரு, பயம் எங்கே இருக்குன்னு தெரிஞ்சிடும்" என்பாள். "'நான் யாருன்னு தெரியுமா'ன்னு கேக்குறாரே, அவருக்கு நாம தெரியாதுன்னு சொல்லிடுவோமோன்னு பயம்."

ஒரே ஒருவனிடம் மட்டும் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சிகிச்சைக்கு வராத நாளில் வந்ததாகப் பொய்ச் சான்றிதழ் கேட்டு வந்தவன் அவன். முடியாது என்றதும் குரலை உயர்த்தாமல், சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "உங்க பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு எந்த வழியா வருவான்னு எனக்குத் தெரியும்." நேராக டாக்டரிடம் சொல்லி, போலீசுக்கும் போய்விட்டாள்.

"அவனுக்கு வலியே இல்லைங்க. என் முகத்துல பயத்தைப் பாக்கணும், அவ்வளவுதான் அவனுக்கு வேணும்" என்று வீட்டில் சொன்னபடியே வாசல் தாழ்ப்பாளை இரண்டாம் முறை இழுத்துப் பார்த்தாள்.

அவன் பிடிபட்டு, ஊரை விட்டே போய்விட்டான். ஆனாலும் மகள் மீசை முளைத்த பையன்களோடு கல்லூரியில் படித்த காலத்திலும், இவள் தெருமுனையில் போய் நிற்பதை விடவில்லை. "அம்மா, மானம் போகுது" என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த மகளுக்குத்தான் கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்தது. ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டிய ஊர். நான் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது மகள் மெதுவாகச் சொன்னாள். அவ்வளவுதான், வெடித்தாள் என் மனைவி.

"போறதுன்னா போ! ஆனா திரும்ப இந்த வீட்டுப் படி ஏறாதே. சாவியை வெச்சுட்டுப் போ!"

பக்கத்து வீட்டு டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. ஆர்வம்தான், வேறென்ன.

மகள் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். இரண்டும் ஒரே பிடிவாதம். ஒன்று படியிறங்கிவிட்டால் மற்றது கூப்பிடாது. நடுவில் கரண்டியும் கையுமாக நான் என்ன செய்வேன்?

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். முகத்தைக் கொஞ்சம் குனிந்து பார்த்து, அச்சு அசல் அதே குரலில் கேட்டாள்:

"எந்தப் பல்லும்மா?"

என் மனைவி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. அவள் கண் நிறைந்து வழிந்தது.

"எல்லாப் பல்லும்தான்டி" என்றாள்.

மகள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அடுப்பில் குழம்பு தீய்ந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

புறப்படும் நாளில் அம்மாவே பெட்டி கட்டினாள். ஸ்வெட்டருக்குக் கீழே, உள் ஜிப்பில், அந்தச் சாவியை வைத்து இழுத்து மூடினாள்.

"இதைத் தொலைச்சியோ, தோலை உரிச்சிடுவேன்!"

மகள் என்னைப் பார்த்தாள், நான் மகளைப் பார்த்தேன். எந்தப் பல் என்று இருவருமே கேட்கவில்லை.