எஸ்கேப் குமரேசன்

பூந்தமல்லியில் டைப்பிங் கடை வைத்திருந்த குமரேசன் போன வாரம் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். அவர் மனைவி செல்வி தொலைபேசியில் சொன்னார். "கூடப் படிச்ச பசங்களுக்கெல்லாம் சொல்லிடுங்கண்ணா." பசங்களில் பாதிப் பேருக்கு வழுக்கை விழுந்துவிட்டது. யார் யாருக்குச் சொல்ல முடியவில்லையோ, அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆவடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தோம். செருப்பை வாசலில் விட வேண்டும். வைரஸ் அதன் வழியாகத்தான் வரும் என்று நிர்வாகம் நம்பியது. நாங்கள் பெரும்பாலும் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். குமரேசன் பக்கத்துக் கோவில்பதாகைக்காரர். பகலெல்லாம் லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு மாலையில் வருவார். சிறுவயதில் அண்ணனூர் ஸ்டேஷனில் சைக்கிள் திருடி, சீர்திருத்தப் பள்ளிக்குப் போய், அங்கிருந்து இரண்டு முறை ஓடியவர். ஊரில் அவர் பெயரே எஸ்கேப் குமரேசன்.

முதல் வகுப்பில் ஆசிரியர் கீபோர்டின் மூலையைக் காட்டி, "இதுதான் எஸ்கேப்" என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"இன்னா சார், என் பேரை இங்கியும் எழுதி வெச்சிட்டீங்க?" என்றார் குமரேசன். முதலில் சிரித்தவரும் அவரே.

ஒரு நாள் மவுஸ் ஒன்றின் அடியிலிருந்த ரப்பர் பந்து காணாமல் போனது. எடுத்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் திருட்டு திருட்டுதான். சென்டர் முதலாளி, "எடுத்தவங்க மரியாதையா குடுத்துடுங்க" என்று பொதுவாகச் சொன்னார், குமரேசனை மட்டும் பார்த்துக்கொண்டு.

பக்கத்திலிருந்த பாபு கிசுகிசுத்தான்: "மாமே, கெளம்பிடு. போலீஸ் கீலீஸ்னு வந்தா உன்னத்தான் தூக்குவாங்க."

"இப்ப ஓடினா நான்தான் எடுத்தேன்னு ஆயிடும் மச்சான். அப்பால எந்த சென்டர்லயும் உள்ள உடமாட்டாங்க. நான் இங்கியே குந்திகினு கீறேன்."

கதவு திறந்தேதான் இருந்தது.

அவருடைய பையைக் கொட்டிப் பார்த்தார்கள். டிபன் பாக்ஸ், துண்டு, ஒரு சீப்பு. எங்கள் பைகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. பந்து கடைசிவரை அகப்படவும் இல்லை. முதலாளி வருத்தம் தெரிவிக்கவில்லை. புது மவுஸ் வாங்கினார்.

மறுநாள் குமரேசன் வரமாட்டார் என்றே நினைத்தோம். எங்களுக்கு முன்பே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் நுழைந்ததும் கேட்டார்: "சார், இன்னிக்கு இன்னா பாடம்?"

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். அவமானப்பட்ட மறுநாள்களில் நானும் அதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவரைப்போல் சாதாரணமாகக் கேட்க எனக்கு இன்னும் வரவில்லை.