தம்ளர்க்காரரின் பிரேக்

விளிம்புக்கு ஒரு நூல் கீழே வரை தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் தம்ளரை லிஃப்டின் தரையில் வைக்கிறார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு எட்டாம் மாடிப் பொத்தானை அமுக்குகிறார். கதவு மூடுகிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தம்ளரையே பார்க்கிறார். மேலே போய் நின்று, கீழே வந்து நிற்கும்வரை ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சிந்தினால் தண்ணீர் வாசல் பூந்தொட்டிக்கு. அவர் மறுபடி மொட்டை மாடி மோட்டார் அறைக்கு. சிந்தாவிட்டால், கதவு திறந்ததும் அந்தத் தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்துவிட்டு, வெளியே காத்திருப்பவர்களிடம் "இப்ப ஏறுங்க" என்பார்.

முப்பது வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். கம்பெனி கொடுத்த சோதனைக் கருவியையும் வைத்துப் பார்த்து, அது காட்டும் எண்களைப் படிவத்தில் ஒழுங்காக எழுதிவிடுவார். "மிஷின் சொல்றது கம்பெனிக்கு, தண்ணி சொல்றது எனக்கு" என்பது அவர் கட்சி. தான் கைவைத்த லிஃப்டில் முதல் ஆளாகத் தானே ஏறுவார். அதில் அவசரக்காரர், நோயாளி, கட்டடத்தின் சொந்தக்காரர் என்று யாருக்கும் விலக்குக் கிடையாது. எங்கள் கட்டடத்தில் அவரைத் தம்ளர்க்காரர் என்றால்தான் தெரியும்.

அவர் இரண்டாம் மாடி, நான் தரைத்தளம். அவர் கார் நிற்கும் இடம் என் ஜன்னலுக்கு நேர் எதிரே என்பதால், கடந்த ஏழு வாரமாக நான் உருப்படியாக எதுவும் எழுதவில்லை. மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு ரேஸ் மைதானம் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் சாதாரண ஆட்களும் சொந்தக் காரைக் கொண்டுபோய் அங்கே ஓட்டிப் பார்க்கலாம். போட்டியில்லை, பரிசில்லை. அதற்குத்தான் தம்ளர்க்காரர் பெயர் கொடுத்திருந்தார். கார் இருபத்திரண்டு வயதுக் கிழம். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்து, இப்போது செங்கல் நிறத்துக்கு வந்திருக்கிறது. பின்கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துச் சாத்தினால்தான் சாத்தும். இதை வைத்துக்கொண்டு ரேஸா என்று மாடிக்கு மாடி சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்.

முதல் வாரம் காரைக் காலி செய்தார். வளைவில் உருண்டு பெடலுக்கடியில் போகக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக் கூடாதாம். குடை, சீப்பு, தீர்ந்துபோன பேனாக்கள், எந்தக் காலத்திலோ காணாமல்போய் வீட்டில் சண்டைக்குக் காரணமான ஒற்றைக் கம்மல், எல்லாம் மதில்மேல் வரிசையாக வந்தன. கால்மிதியை எடுத்தார். ஸ்டெப்னியை இறக்கினார். பாட்டரியைக் குலுக்கிப் பார்த்து இன்னொரு பட்டை போட்டு இறுக்கினார். பிறகு டயர், ரேடியேட்டர், பெல்ட், பிரேக் பேட் என்று வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார். இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பார். நட்டு மயிரிழை திரும்பினாலும் கோடு கோணிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். லிஃப்ட் வேலையில் வந்த பழக்கம். பூச்சு அவர் மனைவியுடையது. பாதி அவர் விரல்களிலும் ஏறிவிடுவதால், கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் அவர் நகங்களைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

இவ்வளவும் வேகத்துக்காக என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். காரின் பின்சீட்டில் கிடந்த நீலத் தலையணையைப் பற்றி விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

அது அவர் மனைவியின் தலையணை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அளந்து வெட்டியதாக இருக்கும். பதினான்கு மாதத்துக்கு முன்னால் இருவரும் ஒரு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பதினோராவது வளைவில் தம்ளர்க்காரர் பிரேக்கை மிதித்தார். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, மண்சரிவில் உரசி நிறுத்தினார். யாருக்கும் கீறல் இல்லை. மனைவி பக்கத்துக் கதவு மண்ணில் புதைந்துவிட்டதால், அவர் ஓட்டுநர் இருக்கையைத் தாண்டி இறங்க வேண்டியிருந்தது.

காரணம் பிரேக் ஆயில். காலப்போக்கில் அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். தொடர்ந்து மிதித்துச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, பெடலில் பிடிமானம் போய்விடும். தம்ளர்க்காரர் ஐந்து வருடமாக அதை மாற்றவில்லை. டப்பாவைத் திறந்து பார்ப்பார், கோடு வரை இருக்கும், மூடிவிடுவார். "அளவப் பாத்தேன் தம்பி. குணத்தப் பாக்கல" என்று என்னிடம் சொன்னபோது அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று அன்றைக்கே மனைவியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். "யானை சறுக்கினப்ப முதுகுல நான்ல உக்காந்திருந்தேன்" என்று அந்த அம்மாள் பதில் சொல்லியிருக்கிறார். வீடு வந்து சேர்ந்ததும் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அதைத்தான் இவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"ஊரான் ஏறதுக்கு முன்னாடி நீங்க ஏறிப் பாக்கறீங்க. என்னைய மட்டும் பாக்காமயே ஏத்திட்டீங்க."

அதிலிருந்து அந்த அம்மாள் பின்சீட்டில்தான் உட்காருகிறார். சண்டை இல்லை, முகத்திருப்பல் இல்லை. முதுகுக்கு ஒரு தலையணை, ஓட்டுநருக்கு நேர் பின்னால் ஒரு இடம், அவ்வளவுதான். பதினான்கு மாதமாக ஒரு வாடகை வண்டிக்காரரைப்போல அவர் தன் மனைவியைக் கடைக்குக் கொண்டுபோய் விட்டு, அழைத்து வருகிறார். பிரேக் ஆயிலை மறுநாளே மாற்றியாகிவிட்டது. ஆனால் சாலையில் எவ்வளவு ஓட்டினாலும் அது பரீட்சை ஆகாது என்பது அவர் வாதம். இருபது தடவை அடுத்தடுத்து முழுப் பலத்தோடு மிதிக்கச் சாலையில் இடம் ஏது? மைதானத்தில் உண்டு. முதலில் அவர் தனியாகச் சுற்றுவார், அந்த அம்மாள் வெளியே நின்று பார்ப்பார், பிறகு பக்கத்து இருக்கையில் ஏறுவார். இதுதான் திட்டம். இரண்டு ஹெல்மெட் வாங்கியிருந்தார். அந்த அம்மாளோ மைதானம் வரை வருவதாகவும் பின்சீட்டில் வருவதாகவும் மட்டும் ஒப்புக்கொண்டிருந்தார். இரண்டாவது ஹெல்மெட் உறை பிரிக்காமல் டிக்கியில் கிடந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள், அதிகச் சூட்டைத் தாங்கும் வேறு ரக ஆயிலை ஊற்றி, குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றும் வேலை, அதாவது ஏர் எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். அகப்பட்டவன் நான். அவர் திருகை மூடும்வரை காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று மூன்று முறை சொல்லியிருந்தார். "அமுத்துங்க. பிடிச்சுக்கங்க. விடுங்க." மூன்று சக்கரம் நல்லபடியாக முடிந்தது. நான்காவதில், மேலே பால்கனியிலிருந்து அந்த அம்மாள் "தம்பி, டீ வேணுமா?" என்றார். பெரியவர்கள் கேட்டால் உட்கார்ந்தபடி பதில் சொல்லி வளர்ந்தவன் இல்லை நான். எழுந்து தலையை வெளியே நீட்டி, வேண்டாங்க்கா என்றேன். கால் என்னோடுகூட எழுந்துவிட்டது.

சக்கரத்தடியில் களுக்கென்று ஒரு சத்தம். தம்ளர்க்காரர் திட்டவில்லை. ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு, படுத்த வாக்கில் கொஞ்ச நேரம் காரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்.

அந்த அம்மாள் எப்போது இறங்கி வந்தார் என்று தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னை எழுந்திருக்கச் சைகை காட்டினார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் பெடல்மேல் வைத்தார்.

"அமுத்துங்க" என்றார் கீழே இருந்தவர்.

"அமுத்திட்டேன்."

கீழே இருந்தவர் தலையைத் திருப்பிக் கதவோரம் கிடந்த செருப்பைப் பார்த்தார். பிறகு, "பிடிச்சுக்க" என்று குரல் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் முதலிலிருந்து நடந்தது. ஒரு தடவைகூடக் கால் முந்தவில்லை. கடைசியில் அந்த அம்மாள் மட்டும் பெடலை இன்னும் நாலைந்து முறை மிதித்துப் பார்த்தார். பெடல் கெட்டியாக நின்றது. பிறகு மாடிக்குப் போய்விட்டார். இவர் நகப்பூச்சை எடுத்து நான்கு திருகுக்கும் கோடு போட்டார்.

மறுநாள் காலை ஆறு மணி. வெளிகேட்டைத் திறந்துவிட நான் போய் நின்றேன். கார் நிற்குமிடத்திலிருந்து கேட் வரை நாற்பதடிச் சரிவு. தம்ளர்க்காரர் தலையணையைத் தட்டிப் பின்சீட்டில் வைத்து, கதவைத் தூக்கிப் பிடித்துத் திறந்துவைத்திருந்தார். லிஃப்ட் வந்து நின்றது. அந்த அம்மாள் இறங்கினார். கையில் எவர்சில்வர் தம்ளர், விளிம்புக்கு ஒரு நூல் கீழே வரை தண்ணீர்.

திறந்திருந்த கதவைத் தாண்டிப் போய் முன்னால் ஏறி உட்கார்ந்தார். தம்ளரை மடியில் வைத்து, மூன்று விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கேட்டத் திறக்காதீங்க" என்றார். பிறகு அவரிடம், "எடுங்க வண்டிய."

நான் கேட்டை விட்டு ஒதுங்கி நின்றேன். அவர் பின்கதவைத் தூக்கிச் சாத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். கார் புறப்பட்டுச் சரிவில் இறங்கியது. பத்தடி, இருபதடி. மூடிய கேட்டைப் பார்த்தபடி அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி கேட்டுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. தம்ளரில் தண்ணீர் முன்பக்கம் எழும்பி, விளிம்பைத் தொட்டு, ஒரே ஒரு சொட்டு வெளியே விழுந்து அந்த அம்மாளின் மடியை நனைத்தது.

தம்ளர்க்காரர் அதைப் பார்த்துவிட்டார். முப்பது வருடச் சட்டம் அவருடையது. "சிந்திடுச்சு" என்று தணிந்த குரலில் சொல்லி, இஞ்சினை நிறுத்தச் சாவியைத் தொட்டார்.

அந்த அம்மாள் தம்ளரைத் தூக்கி, மடமடவென்று ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, காலித் தம்ளரை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார்.